பருவம் மாறும் முன்பே பூச்சிகளைத் தடுப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கான செய்முறை

தனி வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். வெயில் ஏறினால் எறும்பு வரும், முதல் மழை விழுந்தால் ஈசல் வரும், மழை வலுத்தால் எலி வரும். வந்த பிறகு ஸ்பிரேயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அன்றைக்குக் கண்ணில் பட்டது சாகும், சுவருக்குள் இருப்பது அப்படியே இருக்கும். அதே வேலையை இரண்டு மூன்று வாரம் முன்னால் செய்தால் பாதி மருந்துகூடத் தேவைப்படாது. பூச்சி வீட்டுக்குள் வருவது தண்ணீருக்கு, தீனிக்கு, பதுங்க இடத்துக்கு. இந்த மூன்றையும், உள்ளே வரும் வழியையும் அடைத்துவிட்டு மருந்தைக் கடைசியில் எடுப்பதுதான் முறை. ஆங்காங்கே மருந்தின் பெயர் சொல்லியிருக்கிறேன். வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தில் அந்த மூலப்பொருள் இருக்கிறதா என்று பாருங்கள், முன்பக்கப் படத்தை நம்பாதீர்கள்.

படி 1: டார்ச்சோடு வீட்டை ஒரு சுற்று

இரவில், சமையலறை விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். டார்ச், பழைய பல் துலக்கும் பிரஷ், சாக்பீஸ் போதும். சிங்க்கின் அடியில், ஃபிரிட்ஜின் பின்னால், கேஸ் அடுப்புக்குக் கீழே, அலமாரிக் கதவின் கீல்களில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். கீல் ஓரத்தில் மிளகுத்தூள் தூவியதுபோல் கருப்புப் பொட்டுகள் இருந்தால் அது கரப்பான் எச்சம். ஓடி ஒளிந்தது எந்தப் பக்கம் போனது என்பதையும் கவனியுங்கள், மருந்து வைக்க வேண்டிய இடம் அதுதான்.

மறுநாள் பகலில் வெளியே சுற்றுங்கள். சுவரும் தரையும் சேரும் கோடு, குழாய்கள் சுவருக்குள் நுழையும் இடம், ஏசி குழாயின் ஓட்டை, கதவின் அடிப்பக்க இடைவெளி, மொட்டைமாடித் தண்ணீர் வடியும் குழாய் என ஒவ்வொன்றாகப் பார்த்து, சந்தேகப்பட்ட இடத்தில் சாக்பீஸால் குறி வையுங்கள்.

படுக்கையறை, சமையலறை, ஸ்டோர் ரூம் மூன்றிலும் சுவரோரமாக ஒவ்வொரு பசை அட்டை வைத்து ஒரு வாரம் விடுங்கள். பூச்சியைப் பிடித்து ஒழிக்க அல்ல, எது, எங்கே, எத்தனை என்று அறிய. எந்த அட்டையில் குஞ்சுகள் அதிகமோ அதன் பக்கத்தில்தான் கூடு.

படி 2: ஓட்டைகளை அடைப்பது

அளவு தெரிந்தால் வேலை எளிது. சுண்டெலி நுழைய சுமார் 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். பேனாவை நுழைத்துப் பாருங்கள், போனால் சுண்டெலியும் போகும். பெரிய எலிக்கு சுமார் 12 மில்லிமீட்டர். வெறும் ஃபோம் மட்டும் அடித்தால் எலி ஒரே இரவில் கடித்துத் துப்பிவிடும். அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை, கடித்துத் தேய்ப்பது அதற்குத் தேவை. ஓட்டைக்குள் முதலில் கம்பி நாரை இறுக்கித் திணித்து, மேலே சிமென்ட் பூசுங்கள். கதவடிக்கு ரப்பர் பட்டை, எலித் தொல்லை இருக்கும் வாசலுக்கு அலுமினியத் தகடு. மெல்லிய விரிசல்களுக்கு சிலிக்கான் சீலன்ட் போதும்.

ஜன்னல் வலையில் கண் அளவு 1.2 மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டாம். வலையைவிட அதன் சட்டத்தைச் சுற்றியுள்ள இடைவெளியில்தான் கொசு அதிகம் வரும், அதைப் பலர் பார்ப்பதில்லை.

படி 3: வெயில் காலத்துக்கு முன் எறும்பும் கரப்பானும்

எறும்பு சாரையாக வருவது, முன்னால் போனது தரையில் விட்டுச் சென்ற வாசனைத் தடத்தைப் பிடித்து. அதனால் முதல் வேலை, சாரை வரும் பாதையைக் கடைசிவரை பின்தொடர்ந்து நுழையும் ஓட்டையைக் கண்டுபிடிப்பது. பிறகு கீழே சொல்லும் தீனியை வைத்து, சாரை நின்றபின் பாதையைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள், தடம் அழியும்.

ஸ்பிரே அடிக்க வேண்டாம். வெளியே வருவது கூட்டத்தில் ஒரு சிறு பகுதிதான், ராணி உள்ளே முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். பாரோ எறும்பு (மஞ்சள் நிறச் சிற்றெறும்பு) போன்ற சில வகைகள் தொந்தரவு கொடுத்தால் கூட்டைப் பிரித்து இரண்டு மூன்று இடத்தில் குடியேறிவிடும். நீங்கள் அடித்த மருந்தே தொல்லையைப் பெருக்கும். அதற்குப் பதில் மெதுவாகக் கொல்லும் தீனி வையுங்கள்:

ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை கப் சர்க்கரை, மட்டமான ஒரு தேக்கரண்டி போரிக் அமிலப் பொடி சேர்த்துக் கரையும்வரை கலக்குங்கள். பஞ்சில் நனைத்து, சின்ன மூடியில் வைத்து, சாரையின் பக்கத்தில் வையுங்கள். சாரை நிற்கும்வரை பாதையைத் துடைக்காதீர்கள், எறும்பு வந்து தின்று கூட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். முதல் இரண்டு நாள் எறும்பு அதிகமாகத் தெரியும், அது நல்ல அறிகுறி. பொடியை அதிகம் போட்டால் வேகமாகச் சாகும் என்று நினைக்க வேண்டாம். வழியிலேயே செத்தால் ராணிக்குப் போய்ச் சேராது. இனிப்பைத் தொடாத எறும்பு என்றால் போரிக் அமிலப் பொடியை எண்ணெய்ப் பசையுள்ள தீனியோடு கலந்து பாருங்கள். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் எட்டாத இடமாகப் பார்த்து வையுங்கள், பாட்டிலில் 'விஷம்' என்று எழுதி ஒட்டுங்கள்.

கரப்பானில் இரண்டு வகையைப் பிரித்தறிந்தால் போதும். சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்தில், பழுப்பு நிறத்தில், தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடு இருப்பது ஜெர்மன் கரப்பான். அது வீட்டுக்குள்ளேயே, சமையலறையின் இடுக்குகளில் வாழ்வது. பெண் தன் முட்டைக்கூட்டை, குஞ்சு பொரியும் நேரம் நெருங்கும்வரை, வயிற்றோடு சுமந்து திரியும். ஒரு கூட்டில் 30 முதல் 40 முட்டை இருக்கும். ஒன்றை விட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நான்கு சென்டிமீட்டர் அளவில் செம்பழுப்பாகப் பறக்கவும் செய்வது அமெரிக்கக் கரப்பான், அது சாக்கடையிலிருந்து ஏறி வருவது.

சாக்கடைக் கரப்பானுக்கு மருந்தைவிடத் தண்ணீர் முக்கியம். குளியலறைத் தரைவடிகாலின் வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் அடைப்பாக வேலை செய்கிறது. வெயிலில் அது வற்றிவிடும். புழங்காத குளியலறையாக இருந்தால் வாரம் ஒருமுறை ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள், இரவில் வடிகால் மூடியைப் போட்டு வையுங்கள். விருந்தினர் அறைக் குளியலறையில் மட்டும் கரப்பான் வருகிறது என்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஜெர்மன் கரப்பானுக்கு ஜெல் மருந்து. ஃபிப்ரோனில், இண்டோக்ஸாகார்ப் அல்லது ஹைட்ராமெத்தில்நான் உள்ள ஏதாவது ஒன்று. வைக்கும் விதம்தான் பலனைத் தீர்மானிக்கும். குண்டூசித் தலையைவிடச் சற்றே பெரிய புள்ளிகளாக, கீல்களின் உட்புறம், சிங்க்கின் அடிவிளிம்பு, ஃபிரிட்ஜ் மோட்டார்ப் பக்கம், மிக்ஸி வைக்கும் மேடையின் அடி என்று பல இடங்களில் வையுங்கள். ஒரே இடத்தில் நீளமாகப் பிதுக்கி வைத்தால் பாதி காய்ந்து வீணாகும். ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரேயோ, நறுமணத் துடைப்பானோ படக் கூடாது. அந்த வாசனை பட்டால் கரப்பான் ஜெல்லைத் தொடாது. ஜெல் தின்று செத்ததின் எச்சத்தையும் உடலையும் மற்றவை தின்னும், அதனால் இரண்டாம் சுற்றும் சாகும். சிங்க்கைத் துடைத்துக் காயவைத்துவிட்டுப் படுங்கள். தீனி இல்லாமல் பல வாரம் தாங்கும் கரப்பான், தண்ணீர் இல்லாமல் அவ்வளவு தாங்காது.

படி 4: முதல் மழைக்கு முன் கொசுவும் கறையானும்

கொசுவைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம், ஆனால் தண்ணீரைக் கொட்டினால் போதும் என்பதில்தான் வேலை பாதியில் நிற்கிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டிவிடும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை காய்ந்தபடி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அடுத்த தண்ணீர் பட்டதும் பொரியும். எனவே கொட்டிவிட்டு உட்புறத்தை பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். சூடான காலத்தில் முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும், வாரம் ஒருநாள் இதற்கென்று குறித்துக்கொண்டால் எந்தப் புழுவும் பறக்காது.

பார்க்க வேண்டிய இடங்கள்: பூந்தொட்டியின் அடித்தட்டு, ஃபிரிட்ஜின் பின்புறத் தண்ணீர்த் தட்டு, ஏசி தண்ணீர் சொட்டும் வாளி, தார்ப்பாயின் மடிப்பு, சன்ஷேடில் தேங்கும் நீர், பயன்படுத்தாத கழிப்பறையின் ஃப்ளஷ் தொட்டி, மூடி சரியாக உட்காராத மேல்நிலைத் தொட்டி. வடிக்க முடியாத தொட்டிக்கு, கொசுப்புழுவைத் தின்னும் கப்பி மீன் விடலாம், அல்லது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியா மாத்திரை போடலாம். அது கொசுப்புழுவின் குடலைத்தான் தாக்கும், மனிதருக்கும் மீனுக்கும் தீங்கில்லை. செப்டிக் டேங்க்கின் காற்றுக்குழாய் வாயில் ஒரு துண்டு கொசுவலையைக் கம்பியால் கட்டிவிடுங்கள். வேலை ஐந்து நிமிடம், ஆனால் அழுக்குத் தண்ணீரில் வளரும் கியூலெக்ஸ் கொசு கும்பலாக வெளியேறுவது அங்கேதான்.

அடுத்து கறையான். இறக்கை முளைத்த கறையான்தான் ஈசல். மழைக்குப் பின் மாலையில் விளக்கைச் சுற்றி அது பறப்பது இயல்பு, பயப்பட வேண்டாம். ஜன்னல் ஓரத்தில் உதிர்ந்த சிறகுகள் குவிந்திருந்தாலோ, ஈசல் வீட்டுக்குள்ளிருந்தே கிளம்பினாலோ கவனியுங்கள். இறக்கை முளைத்த எறும்பா ஈசலா என்று சந்தேகமானால் ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். ஈசலின் நான்கு சிறகும் ஒரே நீளம், இடுப்பு பருமன் மாறாமல் நேராக இருக்கும், உணர்கொம்பு நேர். எறும்புக்கு முன்சிறகு நீளம், இடுப்பு ஒடுங்கியது, கொம்பு முழங்கைபோல் மடங்கியிருக்கும்.

சுவரில் பென்சில் பருமனில், கறையான் நடமாடக் கட்டும் மண் கோடு ஏறியிருந்தால், நடுவில் ஒரு சிறு துண்டை உடைத்துவிட்டு சில நாள் விடுங்கள். திரும்ப மண் பூசியிருந்தால் உள்ளே நடமாட்டம் இருக்கிறது. பூசாமலிருந்தால் பழைய தடமாக இருக்கலாம், ஆனால் வேறு வழி போட்டிருக்கவும் வாய்ப்புண்டு. கதவுச் சட்டத்தை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டுங்கள், வெற்றொலி வந்தால் உள்ளே குடைந்திருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றுவது வீண் வேலை. தெரிந்த கோட்டில் இருப்பவை சாகும், கூடு மண்ணுக்கடியில் இருக்கும், தீப்பிடிக்கும் ஆபத்து உங்களோடு இருக்கும்.

முன்கூட்டியே நீங்கள் செய்யக்கூடியது, மரக்கட்டை, பழைய அட்டைப்பெட்டி, விறகு எதையும் சுவரோடு ஒட்டி மண்ணில் வைக்காமலிருப்பது. சுவரடியில் தண்ணீர் கசியும் குழாயைச் சரிசெய்வது. அடித்தளத்தில் 15 சென்டிமீட்டராவது மண்ணுக்கு மேலே தெரியும்படி வைத்திருந்தால், மண் கோடு கிளம்பும் நாளே கண்ணில் படும்.

படி 5: எலி

கனமழையில் வளைக்குள் நீர் புகுந்தாலும், குளிர் தொடங்கினாலும் எலி உள்ளே வரும். புழுக்கையைப் பாருங்கள். சுண்டெலியுடையது சில மில்லிமீட்டர்தான், இரு முனையும் கூர்மை. பெரிய எலியுடையது அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீளம்.

பெரிய எலி புதிதாக வந்த பொருளைச் சந்தேகப்படும். பொறியைக் கொண்டுவந்ததும் விசையை ஏற்ற வேண்டாம், தீனி மட்டும் வைத்து சில நாள் விடுங்கள். தின்னப் பழகியபின் ஏற்றுங்கள். அடிபொறியைச் சுவருக்குச் செங்குத்தாக, தீனி முனை சுவரைத் தொடும்படி வைக்க வேண்டும், எலி சுவரை உரசியபடியே ஓடும். ஒன்று வைத்துவிட்டுக் காத்திருப்பதைவிட ஒரே இரவில் ஐந்தாறு வைப்பது மேல்.

விஷ கேக் எனக்குப் பிடிக்காது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை விஷத்தைத் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் கழித்து எங்கோ அலமாரிக்குப் பின்னால் செத்து நாறும். அதைத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் விஷம் ஏறும். ஓட்டை அடைத்து, பொறியும் பலிக்காவிட்டால் மட்டும், பூட்டிய பெட்டிக்குள் வையுங்கள்.

புழுக்கையைத் துடைப்பத்தால் உலர்வாகப் பெருக்காதீர்கள், தூசி மூக்குக்குள் போகும். கையுறை போட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் காகிதத்தால் அள்ளுங்கள். எலிக்காய்ச்சல் பரவுவது சிறுநீரின் வழியே, ஆறாத புண்ணோடு வெறுங்காலில் நடப்பதும் ஆபத்து.

வாங்க வேண்டாத ஒன்று

சாக்கெட்டில் சொருகும் அல்ட்ராசோனிக் கருவி. 2001-லேயே அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 60-க்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது: விளம்பரத்தில் சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று. அந்தப் பணத்துக்குக் கம்பி நாரும் சீலன்ட்டும் வாங்கலாம்.

படி 6: ஆளைக் கூப்பிடும் நேரம்

கறையான் நடமாட்டமுள்ள மண் கோடு, கதவுச் சட்டத்தில் வெற்றொலி, நான்கு வாரம் ஜெல் வைத்தும் குறையாத கரப்பான் என்றால் தொழில்முறை ஆளிடம் விடுங்கள். கறையானுக்கு அவர்கள் சுவரும் தரையும் சேரும் கோட்டில் சுமார் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் துளையிட்டு, இமிடாக்ளோபிரிட் அல்லது ஃபிப்ரோனில் கரைசலை உள்ளே செலுத்தி, துளையை மூடுவார்கள். 'ஒரே ஸ்பிரேயில் முடித்துவிடலாம்' என்று சொல்பவரை அனுப்பிவிடுங்கள். எந்த மருந்து, எத்தனை சதவீதம், எத்தனை துளை, மறுபடி வந்தால் யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். வீட்டில் கிணறோ ஆழ்துளைக் கிணறோ இருந்தால் வேலைக்கு முன்பே சொல்லுங்கள், மருந்து நிலத்தடி நீருக்குப் போகாதபடி தூரத்தையும் முறையையும் மாற்ற வேண்டிவரும். மீன் தொட்டியை வேறு அறைக்கு மாற்றி மூடுங்கள், பைரித்ராய்டு வகை மருந்துகள் (பல பூச்சி ஸ்பிரேக்களில் இருப்பவை) சொற்பமானாலும் மீனைக் கொல்லும். வேலை முடிந்தபின் துளை போட்ட ஓரங்களில் சில வாரம் ஈரத் துணியால் அழுத்தித் துடைக்காதீர்கள், ஒரு மாதம் கழித்துப் பசை அட்டைகளைப் பழைய இடங்களிலேயே திரும்ப வையுங்கள்.