கரிம உப்புப் படிகத்தில் ஹைட்ரஜன் பிணைப்பைப் படிப்பது எப்படி

குமரி மாவட்டத்தின் புத்தளம், சாமித்தோப்பு உப்பளங்களில் விளைகிற கல்லுப்பை அயனிகளின் மின் ஈர்ப்பே கட்டி வைத்திருக்கிறது. கரிம அமிலம் தன் புரோட்டானை (ஹைட்ரஜன் அயனியை) கரிம காரத்துக்குக் கொடுப்பதால் உருவாகும் கரிம உப்பிலோ, அந்த ஈர்ப்புடன் ஹைட்ரஜன் பிணைப்பும் (நைட்ரஜன் அல்லது ஆக்சிஜனுடன் ஒட்டிய ஹைட்ரஜன் வேறோர் அணுவை ஈர்ப்பதும்) சேர்ந்து, எந்த அயனி எத்திசையில் அமர வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது, அமிலத்தின் புரோட்டான் எங்கே போனது என்பதுதான்.

தொடங்குபவர்களுக்கு 2-அமினோபிரிடின் என்ற காரமும் சாலிசிலிக் அமிலமும் நல்ல இணை. முன்னது புரோட்டானை ஏற்ற வடிவத்துக்குப் பிகேஏ (அமில வலிமையின் அளவு; குறைந்தால் வலிமை அதிகம்) ஏறத்தாழ 6.9, பின்னதற்கு 3.0, வித்தியாசம் 3-ஐத் தாண்டுவதால் புரோட்டான் இடம் மாறி உப்பு உருவாகும் என்று எதிர்பார்க்கலாம். அமினோபிரிடின் தோல்வழியே உடலில் ஏறும் நஞ்சு என்பதால், கையுறையணிந்து புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்து, அதில் 0.94 கிராமும் அமிலத்தில் 1.38 கிராமும் எடைபோட்டு, தனித்தனியே மெத்தனாலில் கரைத்துக் கலந்து வடிகட்டுங்கள். பீக்கரின் வாயை மூடிய தாளில் ஊசியால் நான்கைந்து துளை போதும். ஐப்பசி மழையில் அவசரப்பட்டு இருபது துளையிட்ட என் பீக்கரில், மறுநாள் சுவரோரம் வெள்ளை ஏடு மட்டுமே மிஞ்சியது. இருபருவ மழையும் பெறும் நம் மாவட்டத்தில், மாசி, பங்குனியில் வளர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

படிகத்தை எக்ஸ் கதிரால் ஆய்ந்து அணுக்களின் இடங்களைக் காட்டும் முடிவு கைக்கு வந்ததும், ஹைட்ரஜன் இருக்கும் இடத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. எக்ஸ் கதிர் காண்பது எலக்ட்ரானை என்பதால், உண்மையில் 1.01 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) வரும் நைட்ரஜன்–ஹைட்ரஜன் நீளம் 0.86 போலக் குறுகித் தெரியும். கனமான அணுக்களே நம்பகமான சாட்சி. அமிலமாகவே இருந்தால் அமிலத் தொகுதியின் இரு கார்பன்–ஆக்சிஜன் நீளங்கள் 1.21, 1.31 எனப் பிரிந்து நிற்கும். புரோட்டானை இழந்திருந்தால் இரண்டும் 1.25-ஐ நெருங்கும். சாலிசிலேட்டில் (புரோட்டானை இழந்த சாலிசிலிக் அமிலத்தில்) பக்கத்து ஹைட்ராக்சில் தொடும் ஆக்சிஜனின் பிணைப்பு சற்று நீண்டிருக்கும் என்பதால், இந்த அளவை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாமல், பிரிடின் வளையத்தில் நைட்ரஜன் கோணம் 117 பாகையிலிருந்து 122-ஐ ஒட்டி விரிந்துள்ளதா என்றும் பாருங்கள்.

அதன் பிறகே பிணைப்புகளை வரையலாம். வளைய நைட்ரஜனின் ஹைட்ரஜனும், அமினோவின் ஒரு ஹைட்ரஜனும் கார்பாக்சிலேட்டின் (புரோட்டானை இழந்த அமிலத் தொகுதியின்) இரு ஆக்சிஜனையும் பற்றும்போது எட்டு அணு வளையம் உருவாகிறது. ஹைட்ரஜன் பிணைப்பு அமைப்புகளைக் குறிக்க வேதியியலாளர் மார்கரெட் எட்டர் வகுத்த குறியீட்டில் அது இரு கொடையாளி (ஹைட்ரஜனைத் தரும் அணு), இரு ஏற்பி (அதை ஈர்க்கும் அணு) கொண்ட 'ஆர்' வளையம். அமினோவின் மிச்சமுள்ள ஹைட்ரஜன் எந்த அண்டை அயனி இணையின் ஆக்சிஜனை நாடுகிறது என்று தொடர்ந்தால், இணைகள் சங்கிலியாகின்றனவா, தாளாகின்றனவா என்பது புலப்படும். சாலிசிலேட்டின் ஹைட்ராக்சில் பிணைப்பு தன் அயனிக்குள்ளேயே ஆறு அணு வளையமாக முடிந்துவிடுவதால், அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.