கார் ரெண்டர் பொம்மை போலத் தெரிவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

முப்பரிமாண மாடலிலிருந்து கணினியில் ரெண்டர் செய்த, அதாவது படமாகக் கணக்கிட்டு உருவாக்கிய, கார் பொம்மை போலத் தெரிந்தால், பெரும்பாலோர் முதலில் கை வைப்பது பெயின்ட் மெட்டீரியலில்தான் (மேற்பரப்பின் நிறத்தையும் பளபளப்பையும் தீர்மானிக்கும் அமைப்பு). நிறத்தை மாற்றுகிறார்கள், பளபளப்பைக் கூட்டுகிறார்கள், சாம்பிள் எண்ணிக்கையை (ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒளியைக் கணக்கிடும் தடவைகளை) இரட்டிப்பாக்கி இரவு முழுவதும் ரெண்டரை ஓடவிடுகிறார்கள். காலையில் பார்த்தால் படத்தின் மணல் போன்ற புள்ளிகள் மட்டும் குறைந்து அதே பொம்மை நிற்கிறது. தொடக்கத்தில் நானும் பல வாரங்களை இப்படித்தான் செலவிட்டேன். காரின் உடல் ஏறத்தாழ ஒரு வளைந்த கண்ணாடி என்பதும், அதன் எதிரே எதுவும் இல்லையென்றால் அதில் தெரிவதற்கும் எதுவும் இராது என்பதும் புரிந்த பிறகே படங்கள் தேறத் தொடங்கின.

ஆகவே, என் பார்வையில் முதற்பெரும் தவறு, காரை வெறும் சாம்பல் நிறத் தளத்தில் நிறுத்திச் சுற்றிலும் இரண்டு மூன்று சிறிய விளக்குகளை வைப்பது. சிறிய விளக்கு பெயின்டில் ஒரு வெள்ளைப் புள்ளியாக மட்டுமே விழும். அது வடிவத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. கார்களைப் படமெடுக்கும் ஸ்டுடியோக்களில், காரைவிடப் பெரிய ஒளிப்பலகையை மேலே தொங்கவிடுவது இதற்காகத்தான். அப்பலகையின் விளிம்பு, ஹெட்லைட்டில் தொடங்கிக் கதவுகளின் தோள்பகுதி வழியாகப் பின்விளக்கு வரை ஒரே நீண்ட கோடாக ஓடும்போது, பார்ப்பவர் கண் அந்த உலோகத் தகட்டின் வளைவைப் படித்துக்கொள்கிறது. ஒரு பெரிய ஏரியா லைட்டை (பலகை போல அகன்ற பரப்பிலிருந்து ஒளி தரும் விளக்கை) மேலே வைத்து மெல்ல நகர்த்திப் பாருங்கள்: முன்கதவில் அந்தக் கோடு ஏறி இறங்குவதும், கைப்பிடியின் குழிவில் அது திடீரென வளைந்து மீள்வதும் தெரியும். கோடு உடைந்தோ நெளிந்தோ போனால், குறை ஒளியில் இல்லை, மாடலின் மேற்பரப்பில் இருக்கிறது; அதை அங்கேயே சரிசெய்ய வேண்டும். வெளிச்சத்தைப் போலவே இருட்டும் தேவை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எல்லாப் பக்கமும் வெளுத்திருந்தால் வெள்ளிநிறக் கார் காகிதம் போல ஆகிவிடும். பக்கவாட்டில் ஒரு கறுப்புத் தட்டியை நிறுத்தினால் காரின் விளிம்புகள் உடனே எழுந்து நிற்கும்.

எச்டிஆர்ஐ படத்தை, அதாவது ஓர் இடத்தின் ஒளியைச் சுற்றிலும் முழு வீச்சில் பதிவுசெய்து காட்சிக்கு ஒளியாகத் தரும் படத்தை, பயன்படுத்துபவர்களும் வேறு வகையில் தவறுகிறார்கள். சூரியனின் உண்மையான பிரகாசம் பதிவாகாமல் வெட்டுப்பட்ட படமாக இருந்தால், வானம் தெளிவாக இருந்தும் நிழல் மேகமூட்ட நாளின் நிழல் போலக் கரைந்திருக்கும். வானில் சூரியனின் அகலம் சுமார் அரை டிகிரிதான் என்பதால், வெயிலில் டயர் தரையைத் தொடும் இடத்தில் நிழலின் ஓரம் கூர்மையாகத் தொடங்கி, தூரம் கூடக் கூட மட்டுமே மென்மையாக வேண்டும். பின்னணிக்குத் தனிப் புகைப்படம் வைத்தால், அதன் தொடுவானக் கோடும் ஒளியின் திசையும் உங்கள் கேமராவோடு பொருந்த வேண்டும்.

பெயின்டுக்கு வருவோம். உண்மையான காரில் நிறப்பூச்சின் மேல் நிறமற்ற கிளியர்கோட் இருக்கிறது. அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5, நேராகப் பார்க்கும்போது ஒளியில் 4 சதவீதத்தையே திருப்பும் அது, பார்வை சாயச் சாய மிகுதியாகத் திருப்பி, விளிம்பில் முழுக் கண்ணாடியாகிவிடும். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு, முழு உடலையும் ஒரே உலோகப் பளபளப்பாக வைப்பது கிறிஸ்துமஸ் மர உருண்டையின் தோற்றத்தைத்தான் தரும். மெட்டாலிக் பூச்சின் துகள்களைப் பெரிதாக வைப்பதும் அதே அளவு கெடுதல். சில மீட்டர் தொலைவிலிருந்து ஒவ்வொரு துகளும் தனித்தனியே தெரிந்தால், கண் அந்தக் காரை உள்ளங்கை அளவாகவே எடுத்துக்கொள்ளும்.

கதவு, பம்பர் போன்ற பாகங்களின் ஓரமுள்ள இடைவெளிகள் சில மில்லிமீட்டரே இருக்கும். அவற்றின் ஓரங்கள் கத்தி போல இராமல் சற்று உருண்டு, ஒரு மெல்லிய ஒளிக்கீற்றை வாங்கும். கண்ணாடிகளுக்குத் தடிமனும், ஹெட்லைட்டுக்குள் ரிஃப்ளெக்டரும், காருக்குள் இருக்கைகளும் வேண்டும். ஹெட்லைட் கறுத்துப் போனால் ஒளிக்கதிரின் துள்ளல் எண்ணிக்கையை (அது எத்தனை முறை பட்டுத் தெறிப்பது அல்லது ஊடுருவுவது வரை கணக்கிடப்படும் என்பதை) கூட்டினால் போதும்.

கார் தரையில் மிதப்பது போலத் தெரிந்தால் டயரின் அடிப்பகுதியைப் பாருங்கள். மாடல்களில் டயர் பெரும்பாலும் முழு வட்டமாகவே இருக்கும். உண்மையில், ஒரு டன்னுக்கும் மேற்பட்ட காரின் எடையில் தன் பங்கைத் தாங்கும் டயர் தரையைத் தொடும் இடத்தில் தட்டையாகி, பக்கச்சுவர் லேசாகப் பிதுங்கும். இந்தச் சிறிய திருத்தம் காருக்குத் தரும் கனத்தை வேறு எந்த மெட்டீரியலும் தருவதில்லை. டயருக்கு முழுக்கறுப்பு வைக்காதீர்கள். அது தேய்ந்த அடர்சாம்பல்.

கேமராவைப் பொறுத்தவரை, மாடல் உண்மை அளவில் இருக்கிறதா என்பதை முதலில் சரிபாருங்கள். 4.5 மீட்டர் கார் 45 சென்டிமீட்டராக இறக்குமதியாகியிருந்தால், முன்விளக்கு கூர்மையாகவும் பின்சக்கரம் மங்கலாகவும் வந்து பொம்மைத் தோற்றம் நிச்சயமாகிவிடும். 6 மீட்டர் அகலக் காட்சியை முழுச்சட்ட சென்சாரில் (36 மி.மீ. அகலம்) அடக்க, 24 மி.மீ. லென்ஸுக்கு 4 மீட்டர் தொலைவு போதும், 85 மி.மீ. லென்ஸுக்குச் சுமார் 14 மீட்டர் பின்வாங்க வேண்டும். கிட்டே நின்றால் முன்பக்கம் ஊதித் தெரியும், தள்ளி நின்றால் வடிவமைப்பாளர் நினைத்த விகிதம் கிடைக்கும்.

ஓடும் காரைக் காட்டும் படங்களில், பின்னணியை மட்டும் எடிட்டிங்கில் இழுத்து மங்கலாக்கிவிட்டு, ரிம்மின் கம்பிகளை அசையாமல் விட்டுவிடுகிறார்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால் கார் 28 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். டயரின் சுற்றளவு 2 மீட்டர் என்றால் சக்கரம் 50 டிகிரி சுழன்றிருக்கும். காரோடு கேமராவையும் அதே வேகத்தில் நகர்த்தி, சக்கரத்தை இந்தக் கணக்குப்படி சுழற்றி, மங்கலை ரெண்டரையே உண்டாக்க விடுங்கள். எச்டிஆர்ஐ படம் எல்லையற்ற தொலைவில் இருப்பதாகக் கொள்ளப்படுவதால் கேமரா நகர்ந்தாலும் அது மங்காது. சாலையும் ஓரத்துக் கம்பங்களும் மாடல்களாக இருந்தால்தான், பின்னணியோடு கதவில் விழும் அவற்றின் பிரதிபலிப்பும் சேர்ந்து இழுபடும்.