திருகோணமலையில் பழைய டீசல் கெப் வாங்கப் போறீங்களா, முதலில் அடியில் படுத்துப் பாருங்கள்

பழைய கெப் பார்க்கப் போகிற எல்லோரும் நேரே போய் பொனட்டைத்தான் திறக்கிறார்கள். நம் ஊரில் அது பிழையான தொடக்கம். இங்கே கெப்பை முதலில் தின்பது உப்பு. நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் கடற்காற்றிலேயே நின்ற வண்டி, மீனும் ஐஸும் ஏற்றி ஏற்றி அந்தத் தண்ணீர் பின்பெட்டி ஓட்டைகளால் செசியில், அதாவது வண்டியைத் தாங்கும் அடி இரும்புச் சட்டத்தில், வடிந்த வண்டி, படகு இழுக்கப் போய் பின்சக்கரம் கடலுக்குள் இறங்கிய வண்டி, இப்படி நிறைய விலைக்கு வருகின்றன. எஞ்சின் போனால் செய்து எடுக்கலாம், வேறு எஞ்சின்கூடப் போடலாம். செசி உக்கினால் அந்த வண்டி முடிந்தது.

எனக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். என் முதல் கெப்பின் அடிப்பாகம் பளபளவென்று கறுப்புப் பெயின்டில் இருந்தது. துருப் பிடிக்காமல் இருக்க அடித்தது என்று விற்றவர் சொன்னார், நானும் நல்ல பராமரிப்பு என்று சந்தோஷப்பட்டேன். எட்டு மாதம்கூட ஆகவில்லை, தம்பலகாமத்திலிருந்து நெல் மூட்டையோடு வரும்போது பின் ஸ்பிரிங்கைப் பிடித்திருந்த இடம் செசியோடு பிய்ந்து வந்துவிட்டது. உள்ளே இரும்பே இல்லை, பெயின்டும் துருவும்தான்.

அதனால் ஒரு சின்னச் சுத்தியலும் டோர்ச்சும் கொண்டு போங்கள். பின்சக்கரத்துக்கு மேலே செசி வளைகிற இடம், ஸ்பிரிங்கின் இரண்டு முனைகளும் பூட்டியிருக்கிற இடம், கெபினுக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள பகுதி, இந்த மூன்றையும் மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு 'ணங்' என்னும், உக்கியது 'டொக்' என்று செத்த சத்தம் தரும். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் இரண்டு மடங்கு கவனம். வெல்டிங் ஒட்டுப் போட்டிருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பிரேக் குழாய்களையும் பாருங்கள். பின் டிஃபரென்ஷலின், அதாவது பின் அச்சின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டியின், ஒயில் மூடியைக் கழற்றி விரலை விட்டுப் பார்க்கச் சம்மதித்தால் இன்னும் நல்லது, ஒயில் பால் கலந்த தேநீர் மாதிரி இருந்தால் அதற்குள் தண்ணீர் போயிருக்கிறது.

கண்டி, பதுளைப் பக்கம் ஓடிய வண்டி என்றால் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பதுகூட வீண் போகாது. மலையில் ஓடியதால் கிளச்சும் பிரேக்கும் தேய்ந்திருக்கலாம், ஆனால் அவை மாற்றக்கூடிய சாமான்கள்.

சரி, இனி எஞ்சின். விற்பவரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள், நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று. போனதும் பொனட்டில் கையை வையுங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள், ஏனென்றால் டீசல் எஞ்சினின் நோய் குளிரில்தான் வெளியே தெரியும். முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றால் பயமில்லை. நிற்காமல் வந்தால் இன்ஜெக்டரோ கம்ப்ரஷனோ பிழை, நீலப் புகை என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது. ஓடும்போதே ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து தலைகீழாக அந்த வாயில் வையுங்கள், மூடி சும்மா நடுங்கலாம், தூக்கி எறிந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது.

எந்த வண்டி என்று கேட்பீர்கள். 2015க்கு முந்திய டொயோட்டா ஹைலக்ஸில் வரும் 2.5, 3.0 டி-4டி எஞ்சின்கள் கவனித்தால் நீண்ட காலம் உழைக்கும், ஆனால் இன்ஜெக்டர்களின் அடியில் உள்ள செப்பு சீல் கசிந்தால் கரி ஒயிலில் கலந்து, அடியில் ஒயில் உறிஞ்சும் வடிகட்டியை அடைத்து, எஞ்சினையே இறுக்கிவிடும், அதனால் அந்த சீல்களைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். இவற்றில் எஞ்சினின் வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைப்பது டைமிங் பெல்ட்தான், சாதாரணமாக 1,50,000 கிலோமீற்றரில் மாற்ற வேண்டியது. பழைய மிட்சுபிஷி எல்200இன் 4டி56 எஞ்சினில் இரண்டு பெல்ட், சின்னது அறுந்தால் பெரியதையும் இழுத்துக்கொண்டு போகும், அதோடு ஒரு தடவை கொதித்த எஞ்சின் என்றால் ஹெட்டில் (எஞ்சினின் மேல்பகுதி) வெடிப்பு விழுந்திருக்கக்கூடும். இசுசு டி-மெக்ஸின் 3.0 4ஜேஜே1 எஞ்சினில் பெல்ட்டுக்குப் பதில் செயின். பாரம் ஏற்றுகிற வேலைக்கு என் தேர்வு அதுதான்.

இன்னொரு விஷயம், 2022இல் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோமே, அந்த நேரத்தில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டியவர்கள் உண்டு. பழைய பம்ப் எஞ்சின் ஓரளவு தாங்கும். கொமன் ரெயில் எஞ்சினில், அதாவது எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகிற புது வகையில், பம்ப் டீசலின் வழுவழுப்பை நம்பித்தான் சுழல்கிறது, அது தேய்ந்தால் இன்ஜெக்டர்களும் கூடவே போகும், செலவு இலட்சங்களில். சந்தேகம் இருந்தால் இன்ஜெக்டர்களிலிருந்து திரும்பி வரும் டீசலின் அளவை (ரிட்டர்ன்) ஒரு டீசல் பம்ப் கராஜில் அளந்து பார்த்துவிட்டே காசு கொடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது வெறும் வண்டியாக ஓட்டாதீர்கள். நாலைந்து பேரையோ மூட்டைகளையோ ஏற்றிக்கொண்டு கன்னியா வரை போய் வாருங்கள், ரேடியேட்டர் சூடு ஏறுகிறதா, கியர் தானாக நழுவுகிறதா என்று தெரியும். ஃபோர் வீலை மணலில் போட்டுப் பாருங்கள், தார் ரோட்டில் போட்டு வளைக்க வேண்டாம்.

2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம் வரை இறக்குமதி நின்றதால், ஓய்வெடுக்க வேண்டிய வண்டிகளும் பெயின்ட் அடித்துக்கொண்டு சந்தையில் நிற்கின்றன. செசி இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். புத்தகத்தில் லீசிங் கொம்பனியின் பெயர் இருந்தால் அது நீங்கும்வரை முழுக்காசு கொடுக்க வேண்டாம். ஓப்பன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் விற்பவர் கையெழுத்திட்ட பத்திரத்தோடு மட்டும், வாங்கி அப்படியே ஓடவும் வேண்டாம், உங்கள் பெயருக்கு உடனே மாற்றுங்கள்.

வாங்கி வந்த கிழமையே ஒயிலையும் டீசல் ஃபில்டரையும், டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் அந்த பெல்ட்டையும் மாற்றிவிடுங்கள், விற்பவர் போன மாதம்தான் மாற்றியது என்று சொன்னாலும் சரி. அப்புறம் செசியின் அடி ஓட்டைகளில் அடைத்திருக்கிற மண்ணைக் கம்பியால் குத்தி எடுத்து, கிழமைக்கு ஒரு தடவை கிணற்றுத் தண்ணீரால் அடியைக் கழுவி வாருங்கள். மீன் ஏற்றிய அன்று என்றால் அன்றைக்கே.