சூடம் அணைத்து வாங்கிய சத்தியமும் வேறு சில தவறுகளும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு அம்மா வந்திருந்தார். பையன் பிளஸ் டூ. சட்டையில் குடித்த வாடை வந்ததைக் கண்டுபிடித்து இரண்டு வாரம்தான் ஆகிறது, ஆனால் முகத்தில் ஒரு நிம்மதி. "எல்லாம் முடிஞ்சிட்டு அண்ணாச்சி, சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணிட்டான்" என்றார். எனக்கு எரிச்சலை அடக்க முடியவில்லை. அவர்மேல் இல்லை, அந்தச் சூடத்தின்மேல்.

நான் குடியை விட்டு 12 வருடம். அதற்கு முன் 19 வருடம் குடித்தேன். அப்பாவும் குடித்தவர். இப்போது வாரம் ஒருநாள் குடிப்பவர்களின் வீட்டாரோடு உட்கார்ந்து பேசுகிறேன். பையனைச் சோடா வாங்க அனுப்பாதீர்கள், பாட்டிலை அலமாரியில் வைக்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

சத்தியம் வாங்குவது

எனக்கு 16 வயது. ஊர்க் கொடையில் முதல் தடவை குடித்து, வீட்டு வாசலிலேயே வாந்தி எடுத்தேன். மறுநாள் அம்மா சூடம் ஏற்றி உள்ளங்கையால் அணைக்கச் சொன்னாள். "ஏல, இனி குடிச்சேன்னா என் பொணத்தைத்தான் பாப்ப." அழுதுகொண்டே சத்தியம் செய்தேன், மனதாரத்தான் செய்தேன்.

இரண்டு மாதம் தாங்கியது.

அதற்குப் பிறகுதான் விஷயமே. மறுபடி குடித்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னால் அவளைக் கொன்றதற்குச் சமம், அதனால் சொல்லவில்லை, மறைக்கப் பழகிக்கொண்டேன். கொய்யா இலையை மென்றுவிட்டு வருவது, படிக்கப் போகிறேன் என்று சிநேகிதன் வீட்டு மொட்டை மாடியில் படுத்துக்கொள்வது, இப்படியே மூன்று வருடம். நாலு பேர் பங்கு போட்ட குவாட்டர் எனக்கு மட்டுமே ஒன்று என்று ஆனது அந்த மூன்று வருடத்தில்தான், அம்மாவோ சத்தியத்தை நம்பி நிம்மதியாகத் தூங்கினாள். 19 வயதில் பைபாஸில் பைக்கோடு விழுந்து தலையில் 14 தையல் போட்டபோது, நர்ஸ் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

பதினாறு வயதுப் பையன் கெட்டவன் என்பதால் சத்தியத்தை மீறுவதில்லை. ஆசையைப் பிடித்து நிறுத்துகிற மூளையின் முன்பகுதி முழுதாக வளர 25 வயதுவரை ஆகிறது, ஆசைப்படுகிற பகுதியோ அதற்கு வெகு முன்பே முழு வேகத்தில் ஓடத் தொடங்கிவிடுகிறது. குடிக்கு அடிமையாகும் ஆபத்தில் ஏறக்குறைய பாதி பரம்பரையாக வருவது, ஆகவே குடிநோய் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது இன்னும் கூடுதல். அமெரிக்காவில் 1997-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், 15 வயதுக்கு முன் குடிக்க ஆரம்பித்தவர்களில் பத்துக்கு நாலு பேர் பின்னாளில் ஏதோ ஒரு கட்டத்தில் அடிமையானார்கள். 20 வயதுக்குமேல் ஆரம்பித்தவர்களில் பத்துக்கு ஒருவர்தான். ஆகவே ஒவ்வொரு வருடம் தள்ளிப்போடுவதும் லாபம். தள்ளிப்போட வேண்டுமானால் சறுக்கிய அன்றே பையன் வாய் திறந்து உங்களிடம் சொல்ல வேண்டும், சத்தியம் அந்த வாயைத்தான் முதலில் அடைக்கிறது.

என் மகனிடம் நான் சத்தியம் வாங்கவில்லை. "குடிக்கக் கூடாது, அதில் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது. ஆனால் எங்கே மாட்டிக்கொண்டாலும் போன் பண்ணு, வந்து கூட்டிட்டு வாரேன், அன்னிக்கு ராத்திரி எதுவும் கேக்க மாட்டேன்" என்றேன். ஒரு தடவை பதினொன்றரை மணிக்குக் கூப்பிட்டான். போய் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பேச்சை மறுநாள் மதியம்தான் வைத்துக்கொண்டோம்.

அந்த அம்மாவிடம் சத்தியத்தைத் திரும்பக் கொடுத்துவிடுங்கள் என்றேன். "சாமி குத்தம் ஆயிராதா?" என்று கேட்டார். ஆகாது என்றேன். நம்பினாரா தெரியவில்லை.

அப்பாவின் குடியை மறைப்பது

"அப்பாவுக்குக் காய்ச்சல்" என்று ஆபீசுக்கு போன் செய்கிறீர்கள், பக்கத்தில் நின்று கேட்கிற பிள்ளைக்கு ஆறு வயதிலேயே எல்லாம் தெரியும். இது ஒரு நோய், நீ காரணமில்லை, உன்னால் நிறுத்தவும் முடியாது என்று சொல்லுங்கள். நம் குடும்பத்தில் இது இருப்பதால் உன் சிநேகிதனைவிட நீ கூடுதல் கவனமாக இருக்கணும் என்பதையும் சொல்லுங்கள். சர்க்கரை வியாதியைப் பற்றி இப்படித்தானே பேசுகிறோம்?

"பீர்தானே"

7 சதவீத ஸ்டிராங் பீர் 650 மில்லி பாட்டிலில் சுமார் 45 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 90 மில்லி பிராந்திக் கட்டிங்கில் 38. கணக்கு போட்டுக்கொள்ளுங்கள்.

21 வயதுச் சட்டத்தை நம்புவது

கடையில் தர மாட்டார்கள் சரி, வாங்கித் தர ஓர் அண்ணன் எப்போதும் இருப்பான்.

கால்கட்டு

வேண்டாம்.

சாப்பாட்டில் மருந்து கலப்பது

குடியை நிறுத்த என்று ரகசியமாகக் கலக்கிற அந்த மருந்துகளில் டைசல்ஃபிராம் இருக்கலாம். அதற்குமேல் குடித்தால் வாந்தி, படபடப்பு வந்து ரத்த அழுத்தம் சரியும், சில சமயம் உயிரே போகும். டாக்டர் சொல்லி, குடிப்பவருக்கும் தெரிந்து கொடுக்கிற மருந்து அது, சாம்பாரில் கலப்பதற்கில்லை.

அறையில் போட்டுப் பூட்டுவது

தினமும் நிறையக் குடிக்கிறவருக்குத் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், முதல் இரண்டு நாளில் வலிப்பு, அதையொட்டி ஆளே அடையாளம் தெரியாத பிதற்றல் எல்லாம் வரலாம். ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 14446, போதை மீட்புக்கான மத்திய அரசின் இலவச எண். குடிக்கிறவர்தான் பேச வேண்டும் என்றில்லை, முதலில் நீங்கள் மட்டும் பேசலாம்.