எங்கள் மியூசிக் வீடியோவை அலசியபோது நான் திருத்திக்கொண்டது

நாலு பேர் சேர்ந்து எடுத்த மியூசிக் வீடியோவைப் பற்றி நான் எழுதிய முதல் அலசல் அப்படியே திரும்பி வந்தது. "கோட்பாடு எல்லாம் இருக்கிறது, வீடியோ எங்கே?" என்று ஓரத்தில் ஒரு வரி. நியாயமான கேள்வி.

சரி என்று சத்தத்தை நிறுத்திவிட்டு மூன்று முறை பார்த்தேன். ஒவ்வொரு ஷாட்டுக்கும் கோணம், எத்தனை விநாடி, அப்போது ஓடும் பாடல் வரி என்று அட்டவணை போட்டேன். மியூசிக் வீடியோக்களை ஆராய்ந்த ஆண்ட்ரூ குட்வின், பாடல் வரிக்கும் படத்துக்கும் இடையே சொன்ன மூன்று உறவுகள் அப்புறம்தான் பிடிபட்டன: படம் வரியை அப்படியே காட்டலாம், அதற்குப் புது அர்த்தம் கூட்டலாம், இல்லை ஒட்டாமல் தனியே போகலாம். 'கதவைத் திறந்தே வைத்தேன்' என்று பாடும்போது எங்கள் பாடகி மூடிய கதவில் சாய்ந்து நிற்கிறாள். வெளிச்சம் நன்றாக விழுகிறதே என்று எடுத்த ஷாட்தான், ஆனால் பார்ப்பவருக்கு அவள் பொய் சொல்வதாகப் படுகிறது. அந்த ஆறு விநாடிக்கே ஒரு முழுப் பத்தி எழுதினேன்.

திரைப்பட ஆய்வாளர் லாரா மல்வி 1975-இல் எழுதிய ஆண் பார்வைக் கருத்தை, அதாவது கேமரா பெண்ணை ஆண் ரசிக்கும் பொருளாகக் காட்டுகிறது என்பதை, வைத்துப் பார்த்ததுதான் கஷ்டமாக இருந்தது. குளோசப்புகளில் பாடகிக்குக் கழுத்தும் இடுப்பும், கிதார் வாசிப்பவனுக்குக் கையும் கருவியும். கேமரா பிடித்தது நான். அதை மறைக்காமல் எழுதினேன், பிறகு அதில் மூன்று ஷாட்டை எடுத்துவிட்டு அவள் முகத்தை வைத்தோம்.