‘என்டேஞ்சர்’: ஆபத்துக்குள்ளாக்குவது யார், உள்ளாவது யார்?

மார்கழி வெள்ளத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், மட்டக்களப்பில் என்னிடம் படிக்கும் சாதாரண தர மாணவர்கள் பலர் ‘த சில்ட்ரன் என்டேஞ்சர்ட்’ என்று எழுதிவிடுகிறார்கள். பிள்ளைகள் ஆபத்துக்குள்ளானார்கள் என்பதே அவர்கள் சொல்ல நினைப்பது. ஆனால் அந்த வாக்கியமோ பிள்ளைகள் வேறு யாரையோ ஆபத்துக்குள்ளாக்கினார்கள் என்று தொடங்கி, யாரை என்று சொல்லாமலே பாதியில் நின்றுவிடுகிறது. இந்தப் பிழையைத் தீர்ப்பதற்கே இவ்விளக்கத்தை எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ‘டேஞ்சர்’ என்பது ஆபத்து. முன்னால் நிற்கும் ‘என்’ நமது ‘ஆக்கு’ செய்யும் வேலையைச் செய்கிறது. ‘லார்ஜ்’ பெரியது, ‘என்லார்ஜ்’ பெரிதாக்கு. ‘ரிச்’ வளமானது, ‘என்ரிச்’ வளமாக்கு. அவ்வாறே ‘என்டேஞ்சர்’ ஆபத்துக்குள்ளாக்கு. உச்சரிக்கும்போது அழுத்தம் ‘டேஞ்’ என்ற அசையில் விழ வேண்டும். ‘டேஞ்சர்’ என்ற சொல்லின் வேர் ஆண்டானைக் குறிக்கும் ‘டொமினஸ்’ என்ற இலத்தீன் சொல்லாகும். பழைய பிரெஞ்சில் அது ஆண்டானின் அதிகாரத்தையும், பிறருக்குத் தீங்கு செய்ய அவனுக்கிருந்த வல்லமையையும் குறித்தது. ஒருவரின் பிடிக்குள் அகப்படுவதே ஆபத்து என்ற அந்தப் பழைய எண்ணத்துக்கு நமது ‘உள்ளாக்கு’ மிகவும் நெருங்கி நிற்பதாக எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து, ‘யாரை? எதை?’ என்று கேளுங்கள். விடையில்லாவிட்டால் வாக்கியம் நிறைவுபெறாது. வாவியில் தோணியோட்டும் ஒருவர், காற்று எழும்பிய நேரத்தில், உயிர்காப்பு அங்கியில்லாமல் அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றிச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘ஹி என்டேஞ்சர்ட் ஹிஸ் பாசெஞ்சர்ஸ்’ என்பதே சரியான வாக்கியம். பயணிகளுக்கு ஆபத்தை ஏற்படுத்தினார் என்று தமிழில் நினைத்து, அந்த நான்காம் வேற்றுமைக்காக நடுவில் ‘டு’ சேர்த்துவிடாதீர்கள். அங்கே எந்த இடைச்சொல்லும் வராது. பிள்ளைகள் ஆபத்தில் இருந்தார்கள் என்பதற்கு ‘த சில்ட்ரன் வேர் இன் டேஞ்சர்’ என்று எழுதுங்கள்.

அந்தத் தோணிக்காரர் எவருக்கும் தீங்கு நினைக்கவில்லை, தோணி கவிழவுமில்லை. ஆயினும் வினை பொருந்துகிறது, ஏனெனில் இச்சொல்லுக்குக் கெட்ட நோக்கமோ நேர்ந்த விபத்தோ தேவையில்லை, ஆபத்து நேரக்கூடிய நிலையை உண்டாக்கியதே போதுமானது.

இனி ‘ரிஸ்க்’ என்ற சொல்லிலிருந்து இதைப் பிரித்தறிய வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, பிறரைத் தூக்கிவர மீண்டும் தண்ணீருக்குள் இறங்கியவர்களை நம் கரையோர ஊர்கள் அறியும். அவர்களைப் பற்றி ‘தே ரிஸ்க்ட் தெயர் லைவ்ஸ்’ என்று எழுதுவதே தகும், ஏனெனில் தெரிந்தே தம் உயிரைப் பணயம் வைத்ததை அது சொல்கிறது. ‘என்டேஞ்சர்’ என்பதில் பெரும்பாலும் ஒரு குற்றச்சாட்டின் சாயல் இருக்கும். அந்த மனிதர்கள்மீது அச்சாயல் படிய நான் விடமாட்டேன்.

‘என்டேஞ்சர்ட்’ என்ற பெயரடை, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களுக்கும் மொழிகளுக்கும் வரும். இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ஆசிய யானை இந்த வகையிலேயே இடம்பெற்றுள்ளது.

பயிற்சிக்கு ஒரு காட்சியைத் தருகிறேன். அம்பாறைப் பக்கத்து வயலொன்றில், யானைக்குப் பயந்த ஒருவர் வீட்டு மின்சாரத்தை வெறுங்கம்பியில் பாய்ச்சி வரம்போரம் கட்டியிருக்கிறார். விடியற்காலையில் பக்கத்து வயல்காரர் தண்ணீர் பார்க்க அவ்வழியே வருகிறார். ஆபத்துக்குள்ளாக்குவது எது, உள்ளாவது யார் என்று முதலில் தமிழில் எழுதிக்கொண்டு, பிறகு ‘த வயர் என்டேஞ்சர்ஸ்’ என்று தொடங்குங்கள். யானையையும் அந்த மனிதரையும் சேர்த்தே முடியுங்கள்.