ஈயச் சொம்பில் ரசம்: உருகாமல் வைப்பது எப்படி?

ஈயச் சொம்பில் ரசம் வைக்கப் போகிறீர்களா? முதலில் 232 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொம்பு செய்கிற வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், கேஸ் தீயோ ஆயிரத்துக்கும் மேல். அப்புறம் சொம்பு எப்படித் தாங்குகிறது என்றால், உள்ளே இருக்கிற புளித்தண்ணீர் நூறு டிகிரியில் கொதித்தபடியே அந்தச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. வெறும் சொம்பு தாங்காது. எங்கள் ஆச்சியின் சொம்பு அப்படித்தான் போனது. கழுவிய ஈரம் காயட்டும் என்று சிறு தீயில் வைத்துவிட்டு நான் திரும்புவதற்குள், அடியிலிருந்து வெள்ளி மாதிரி ஒரு சொட்டு உருண்டு பர்னர்மேல் விழுந்தது. அந்தச் சொட்டை இன்னும் அஞ்சறைப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

சரி, வாங்குவதிலிருந்து ஆரம்பிப்போம். திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள பாத்திரக் கடைகளில் ‘ஈயம்’ என்று மட்டும் கேட்காமல் ‘சுத்த வெள்ளீயம்’ என்று கேளுங்கள். காரீயம் வேறு, அது விஷம். புளி பட்டால் ரசத்தில் இறங்கும், பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மலேசியாவிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் பியூட்டர் குவளையும் வெள்ளீய இனம்தான், கொஞ்சம் ஆண்டிமனியும் செம்பும் சேர்த்துக் கெட்டியாக்கியது. ஆனால் ஐரோப்பாவின் பழைய பியூட்டர் தட்டுகள் பலவற்றில் காரீயக் கலப்பு உண்டு, அவை அலமாரியிலேயே இருக்கட்டும்.

வாங்கியதும், காரீயம் கலந்திருக்கிறதா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு சோதனை. சமையல் தராசில் சொம்பை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, பெரிய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, சொம்பை நூலில் கட்டி, உள்ளே காற்று நிற்காமல், அடியில் முட்டாமல் முழுக்க அமிழ்த்துங்கள். தராசு காட்டும் கிராமால் சொம்பின் எடையை வகுத்தால் 7.3 பக்கம் வர வேண்டும். 730 கிராம் சொம்பென்றால் தராசு ஏறக்குறைய 100 காட்டும். காரீயத்துக்கு இந்த எண் 11.3, அதனால் எட்டைத் தாண்டினால் அந்தச் சொம்பு அடுப்புக்கு வேண்டாம். சிறு கலப்பு இதில் பிடிபடாது, அதற்கு ஆய்வகம்தான்.

இனி ரசம். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே புளிக்கரைசல், தக்காளி, உப்பு, மஞ்சள்தூள் எல்லாம் சொம்பில் முக்கால் அளவுக்கு இருக்க வேண்டும். சின்ன பர்னர், சிறு தீ. தீ நாக்கு அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறக் கூடாது, கழுத்துப் பக்கம் உள்ளே தண்ணீர் கிடையாதே! பச்சை வாசனை போனதும் பருப்புத் தண்ணீர் விட்டு, தட்டிய மிளகு சீரகம் பூண்டு போட்டு, நுரை பூத்து வரும்போதே நிறுத்திவிடுங்கள். தாளிப்பதை மட்டும் சொம்பில் செய்யாதீர்கள், எண்ணெய் புகைகிற சூடு 232-க்கு ரொம்பப் பக்கம். இரும்புக் கரண்டியில் தாளித்து மேலே கொட்டினால் போதும். இடுக்கி வாயை நசுக்கிவிடும், துணியால் பிடித்து இறக்குங்கள்.

மிச்ச ரசத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, கம்பி நார் படாமல் மெத்தென்ற துணியால் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவையுங்கள்.